பத்து நிமிடம் யோசிக்க, பத்து நிமிடம் பேச: வணிக ரோல் பிளே போட்டிக்கு வீட்டில் பழகுவது எப்படி?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மகள் 11ஆம் கிரேடில் பிசினஸ் ஸ்டடீஸ் படிக்கிறாள். இன்னும் மூன்று வாரத்தில் பள்ளியில் ரோல் பிளே (பாத்திரமேற்றுப் பேசும்) போட்டி. அமெரிக்காவின் டெக்கா என்ற மாணவர் வணிக அமைப்பின் போட்டி முறையில் நடத்துகிறார்களாம். ஒரு கடையின் சிக்கலை எழுதித் தந்து 10 நிமிடம் யோசிக்க விடுவார்கள். பிறகு நடுவரோடு 10 நிமிடம் பேச வேண்டும். பேச்சுப் போட்டி மாதிரி மனப்பாடம் செய்கிறாள். நடுவே ஏதாவது கேட்டால் திணறுகிறாள். எனக்கு வணிகம் தெரியாது. எப்படி உதவலாம்?

பதில்: முதலில் மனப்பாடத்தை நிறுத்தச் சொல்லுங்கள். என்ன சிக்கல் வரும் என்பது தாளைப் பிரிக்கும்வரை தெரியாது. பாடம் செய்த பேச்சு அந்தக் கடைக்குப் பொருந்தாது, பொருந்தாததை நடுவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். டெக்காவின் தனிநபர்ப் போட்டித் தாளில் சிக்கலோடு ஐந்து ‘இண்டிகேட்டர்’ அச்சிட்டிருக்கும். ‘புகாரைக் கையாளும் முறையை விளக்குக’ என்பதுபோல, மாணவர் தொட்டே ஆகவேண்டிய ஐந்து கருத்துகள். 100 மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்த ஐந்துக்குத்தான். ஒன்றை விட்டுவிட்டால் மற்ற நான்கையும் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்த இடம் காலிதான். உங்கள் பள்ளியின் மதிப்பெண் தாளை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

தயாரிப்பு நேரம் 10 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 2 நிமிடம் தாளை இரண்டு முறை படித்து மூன்றை அடிக்கோடிட வேண்டும்: நான் யார், எதிரில் இருப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும். அடுத்த 6 நிமிடம் வெள்ளைத் தாளை ஐந்து கட்டமாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே வரி: கருத்தின் பொருள் ஒரு வரி, இந்தக் கடையில் அதை எப்படிச் செய்வோம் என்பது ஒரு வரி. கடைசி 2 நிமிடம் தொடக்க வாக்கியத்துக்கும் கணக்குக்கும். முழு வாக்கியங்களாக எழுதினால் மூன்றாம் கட்டத்திலேயே நேரம் தீர்ந்துவிடும். எழுதியதைப் பார்த்து வாசிக்கவும் தோன்றும்.

ஒரு மாதிரிச் சிக்கல். மகள் மின்சாதனக் கடை மேலாளர், நடுவர் முதலாளி. வாடிக்கையாளர் ஒருவர் வாங்கி நான்கு மாதத்தில் கெட்டில் தானாகப் பழுதாகிவிட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். கடைப் பலகையிலோ ‘மாற்றித் தரப்படும், பணம் தரப்படாது’ என்றிருக்கிறது. பல மாணவர்கள் பலகையைக் காட்டி மறுத்துவிடுவார்கள். இங்கேதான் சறுக்குவது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56ஆம் பிரிவின்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தந்தால், பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணம் தருவதா என்று தேர்ந்தெடுப்பவர் வாடிக்கையாளர். மனம் மாறித் திருப்பித் தருபவருக்கு இந்தப் பிரிவு உதவாது. இந்த வேறுபாட்டைச் சொல்லி, ‘பலகையை மாற்றுவோம், காசாளர்களுக்கு இந்த வாரமே சொல்லிக்கொடுப்போம்’ என்று முடிக்கும் மாணவி தனியாகத் தெரிவாள்.

கணக்கில் இரண்டு பொறிகள். முதலாவது வாட் (மதிப்புக் கூட்டு வரி, இங்கே 15%). கெட்டில் விலை வாட் சேர்த்து 345 ராண்ட் என்றால், வரியைப் பிரிக்க 345இல் 15% எடுக்கக் கூடாது. 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். வரி 45, கடைக்கு நிற்பது 300. இரண்டாவது தள்ளுபடி. அந்தக் கெட்டிலின் கொள்முதல் 240 என்றால் லாபம் 60. ‘10% குறைத்தால் விற்பனை கூடும்’ என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் 300 என்பது 270 ஆனதும் லாபம் 30, அதாவது பாதி. பழைய லாபத்தை எட்டவே இரண்டு மடங்கு விற்க வேண்டும். இதைத் தானாகவே எடுத்துச் சொல்கிற பிள்ளையை எந்த முதலாளிக்கும் பிடிக்கும்.

உங்களுக்கு வணிகம் தெரியாதது குறையே இல்லை. நீங்கள்தான் நடுவர். அவள் ஒவ்வொரு கருத்தையும் முதலில் தமிழில் உங்களுக்கு விளக்கட்டும். உங்களுக்குப் புரியவில்லையென்றால் அவளுக்கே இன்னும் தெளியவில்லை. பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லட்டும். நடுநடுவே மூன்று கேள்விகள் போதும்: ‘இதுக்கு எவ்வளவு செலவாகும்?’, ‘கடை ஆளுங்க செய்யமாட்டோம்னா?’, ‘பலன் கிடைச்சுதான்னு எப்படித் தெரியும்?’ அசல் போட்டியிலும் நடுவர் கேட்க வேண்டிய கேள்விகள் அவரிடம் முன்பே எழுதித் தரப்பட்டிருக்கும். அதனால் பேச்சு எட்டு நிமிடத்துக்குள் முடியட்டும், இரண்டு நிமிடம் கேள்விக்கு.

முதல் வாரம் நேரம் பார்க்காமல் கருத்துகளை மட்டும் பேசுங்கள். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கடிகாரத்தோடு ஒரு சிக்கல். டெக்கா தன் தளத்தில் மாதிரிச் சிக்கல்களை இலவசமாகவே வைத்திருக்கிறது. மூன்றாம் வாரம் அவள் அதிகம் பழகாத ஒருவரை நடுவராக உட்கார வையுங்கள்.

நம் வீட்டுப் பழக்கத்தால் வரும் இரண்டு சிக்கல்களையும் கவனியுங்கள். பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை. அங்கே அது பயமாகத் தெரியும். நடுவரை ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று வாய் தவறி அழைத்துவிட்டாலும் பாத்திரம் கலைந்துவிடும். தாளில் உள்ள பெயரையோ ‘மேடம்’, ‘சார்’ என்றோ பழக்குங்கள். உள்ளே போனதும் ‘இந்த ரோல் பிளேயில் நான் மேலாளர்’ என்று தொடங்கக் கூடாது. வணக்கம் சொல்லி, ‘நேற்று வந்த கெட்டில் புகாரைப் பற்றிப் பேச வந்தேன்’ என்று நேராக இறங்கிவிட வேண்டும்.

நடுவே மறந்துபோனால் மன்னிப்புக் கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம். தாளைப் பார்த்து, ‘அடுத்ததாக’ என்று மீதிக் கட்டத்துக்குத் தாவட்டும். விட்டது நினைவுக்கு வந்தால் கேள்வி நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.