சாதாரண ஹைப்ரிட் காரை பிளக்கில் சார்ஜ் போட்டு ஓட்டும்படி மாற்ற முடியுமா?

முடியும். 2004-லேயே கலிபோர்னியாவில் கால்கார்ஸ் குழு ஒரு டொயோட்டா பிரியஸை அப்படி மாற்றிக் காட்டியது. ஆனால் பெரிய பேட்டரி வைத்தால் மட்டும் போதாது.

அந்தத் தலைமுறை பிரியஸின் சொந்த பேட்டரி சுமார் 1.3 யூனிட்தான், அதிலும் ஒரு பகுதியைத்தான் கார் தொடும். நீங்கள் 5 யூனிட் லித்தியம் பேட்டரி சேர்த்தாலும், சார்ஜ் நிறைய இருக்கிறது என்று கட்டுப்பாட்டுக் கணினியை நம்பவைக்காவிட்டால் அது இன்ஜினை எழுப்பிவிடும். அப்புறம் வேகம். மணிக்கு 67 கிலோமீட்டர் வாக்கில் தாண்டினால் காரிலுள்ள இரண்டு மின்மோட்டார்களில் சின்னது அளவுமீறிச் சுழலாமல் இருக்க இன்ஜின் சுற்றியே ஆகவேண்டும், பேட்டரி எவ்வளவு பெரிதானாலும் சரி.

பேட்டரியிலிருந்து வரும் ஆரஞ்சு கேபிள்களில் ஓடுவது சுமார் 200 வோல்ட் நேர்மின்சாரம் (DC), பயிற்சி இல்லாமல் தயவுசெய்து கை வைக்காதீர்கள். என்னைக் கேட்டால், கம்பெனியே பிளக்-இன்னாகத் தயாரித்த பழைய கார் ஒன்றை வாங்குவேன்.