கட்டடக் கலைஞர் ஜான் எபர்சன், திரையரங்கின் கூரையில் இரவு வானத்தை எவ்வாறு அமைத்தார்?

1875-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்து, 1901-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எபர்சன், 1923-இல் ஹூஸ்டன் நகரில் வடிவமைத்த மெஜஸ்டிக் அரங்கின் வழியே 'அட்மாஸ்பியரிக்' எனப்படும் பாணியைப் புகழ்பெறச் செய்தார். பார்வையாளர், தாம் ஒரு கட்டடத்துக்குள் இருப்பதையே மறந்து, இத்தாலியத் தோட்டமொன்றில் திறந்த வானத்தின்கீழ் அமர்ந்திருப்பதாக உணரவேண்டும் என்பதே அவரது நோக்கம். அதற்காக வளைந்த சாந்துக் கூரைக்கு நீலம் தீட்டி, சிறு மின்விளக்குகளை விண்மீன்களாகப் பதித்து, ஒளிவீச்சுக் கருவியால் மேகங்களை நகரவிட்டார்; பக்கச் சுவர்களோ மாடங்களும் சிலைகளும் கொடிகளும் நிறைந்த மாளிகை முகப்புகளாக எழுந்தன. அலங்காரம் மிகுந்த அரண்மனை அரங்குகளைக் காட்டிலும் இத்தகைய கூரைக்குச் செலவு குறைவு என்பதும் (இதைப் பலர் கவனிப்பதில்லை) அரங்க உரிமையாளர்களைக் கவர்ந்தது. இதே பாணியில் அவர் வடிவமைத்து, புளோரிடா மாநிலத்தில் 1926-இல் திறக்கப்பட்ட டாம்பா அரங்கு இன்றும் இயங்குகிறது. 1929-இல் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய பின் 'ஆர்ட் டெக்கோ' எனப்படும் எளிய, நேர்த்தியான வடிவங்களுக்கு மாறிய எபர்சன், 1954-இல் காலமானார்.