அப்பாவின் பழைய ஸ்பீக்கர்களுக்கு 500 வெள்ளிக்குள் எந்த ஸ்ட்ரீமிங் ரிசீவர் வாங்கலாம்?

90களில் அப்பா வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி, பழுதாகிப்போன ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி), சிங்கப்பூரில் நான்கறை வீவக வீடு. ஃபோனிலிருந்து பாட்டு வர வேண்டும், டிவி சத்தமும் அதே ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், 500 வெள்ளியைத் தாண்டக் கூடாது. நீங்கள் கேட்டது இவ்வளவுதானே?

மாடல் தேடுவதற்கு முன்னால் ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றிப் பாருங்கள். கூம்பின் விளிம்பைச் சுற்றி மெத்தென்று ஒரு வளையம் இருக்கும். ரப்பர் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கிடக்கும். ஃபோம் என்றால் சந்தேகம்தான். நம்மூர்ப் புழுக்கத்தில் அது மெல்ல மெல்லப் பிசுபிசுத்து, விரல் பட்டாலே தூளாக உதிரும். அப்படி உதிர்ந்தால் முதல் செலவு ரிசீவருக்கு இல்லை, வளையம் மாற்றத்தான். அதன் விட்டத்துக்கேற்ற ஃபோம் வளையமும் பசையும் தனியாகவே கிடைக்கின்றன. கை நிதானமாக இருந்தால் வீட்டிலேயே ஒட்டலாம்.

அடுத்து, பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை ஓம் (மின்தடை அளவு) என்று பாருங்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் மல்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் மூன்று, மூன்றரை காட்டும். மீட்டர் அளப்பது கம்பிச்சுருளின் டிசி (நேர்மின்னோட்ட) தடையை மட்டும், அதனால்தான் இந்த வித்தியாசம். ஸ்டிக்கர் கணக்கில் 6 அல்லது 8 ஓம் என்றால் பெரும்பாலான ரிசீவர்கள் தாங்கும். 4 என்றால் ரிசீவரின் பின்பக்கத்தில் 4 ஓம் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். இன்னொரு ஜோடியையும் சேர்த்து மாட்டலாமே என்ற ஆசை வந்தால் கணக்கு மாறிவிடும்: இரண்டு 8 ஓம் ஜோடிகள் இணையாகச் சேர்ந்தால் ஆம்ப்புக்கு அது 4 ஓம்.

வாட் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைப் பாதிதான் நம்பணும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பல சமயம் 6 ஓமில், ஒரே ஸ்வரத்துக்கு, 10 விழுக்காடு டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவோடு) அளந்த எண். நீங்கள் பார்க்க வேண்டியது 8 ஓமில், இரண்டு சானலும் ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்குமான எண். இந்தப் புளுகைத் தாங்க முடியாமல்தான் அமெரிக்காவில் 1974-லேயே அளவீட்டு விதி கொண்டுவந்தார்கள். இத்தனைக்கும் 86 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர், ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் கொடுக்கும். வரவேற்பறையில் அதற்குமேல் வைத்தால் மேல்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவார். தபேலா, மிருதங்கம் விழும் நொடிகளுக்குக் கூடுதல் சக்தி வேண்டும்தான், அதற்கும் 50, 60 வாட் தாராளம்.

பொதுவாக யார் கேட்டாலும் ஆம்ப்பையும், இணையம் வழியே பாட்டை வாங்கித் தரும் ஸ்ட்ரீமரையும் தனித்தனியாக வாங்கச் சொல்வேன். நல்ல ஆம்ப் 20 வருஷம் உழைக்கும், மென்பொருள் உழைக்காது. கூகுள் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற குட்டி ஸ்ட்ரீமர் 2019-ல் விற்பனையை விட்டுப் போனது. 2025 மார்ச்சில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க அந்தக் கருவிகள் சில நாள் படுத்துவிட்டன, பிறகுதான் சரிசெய்தார்கள்.

உங்களுக்கு மட்டும் அந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். காரணம் டிவி. எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஆம்ப்புக்கு அனுப்பும் வசதி) இருந்தால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆப்டிகல் கேபிள் என்றால் பெரும்பாலும் இன்னொரு ரிமோட் வேண்டும். அப்பா தினமும் இரண்டு ரிமோட்டோடு மல்லுக்கட்டுவாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் ஆம்ப்பும் ஸ்ட்ரீமரும் சேர்ந்த வீம் ஆம்ப் (WiiM Amp) போன்ற சின்னப் பெட்டி உங்களுக்குப் பொருந்தும். 8 ஓமில் 60 வாட், எச்டிஎம்ஐ ஏஆர்சி, ஆப்டிகல், லைன்-இன் (வேறு கருவியின் ஒலியை உள்ளே கொடுக்கும் துளை) எல்லாம் இருக்கின்றன. அமெரிக்காவில் 299 டாலருக்கு அறிமுகமானது, அதனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்க வாய்ப்பு உண்டு. நாளைக்கு ஸ்ட்ரீமிங் பகுதி பழசாகிவிட்டாலும் லைன்-இன்னில் புதுசாக ஒரு குட்டி ஸ்ட்ரீமரைச் செருகி ஓட்டலாம்.

அதில் இல்லாதவை இரண்டு: எஃப்எம் வானொலி, இசைத்தட்டுக்கான ஃபோனோ இணைப்பு. ஃபோனை எடுக்காமல் பொத்தானைத் தட்டியதும் ஒலி 96.8 வரணும் என்று அம்மா சொன்னால், அல்லது பரணில் டர்ன்டேபிள் இருந்தால், யமஹா ஆர்-என்303 மாதிரி முழு அளவு ரிசீவர் பக்கம் போங்கள். அதில் எச்டிஎம்ஐ கிடையாது, டிவியை ஆப்டிகலில்தான் கொடுக்கணும். டிஏபி (டிஜிட்டல் வானொலி) வசதி உள்ள ரகத்துக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம், இங்கே அந்த ஒலிபரப்பு 2011-லேயே நின்றுவிட்டது.

கரோசெல் விற்பனைத் தளத்தில் பழையது பார்ப்பதானால் விலை பேசுமுன் பின்பக்க வோல்ட் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்கச் சரக்கு 120. நம் 230-ல் நேராகச் செருகினால் புகைதான். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கூட்டிக்கொள்ளுங்கள். புதுசு வாங்குவதானால் கோல்மன் ஸ்ட்ரீட் அடெல்ஃபியில் ஹை-ஃபை கடைகள் இருக்கின்றன, கேட்டுப் பார்த்தே வாங்கலாம். அங்கே விலை உயர்ந்த கேபிளைக் கையில் திணித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிம் லிம் டவரில் சாதாரணச் செப்பு ஸ்பீக்கர் வயர் மீட்டர் கணக்கில் கிடைக்கும், 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். உங்கள் ஸ்பீக்கரின் பின்னால் இருப்பது பழைய ஸ்பிரிங் கிளிப்பாக இருந்தால் அதைவிட ரொம்பத் தடிமனான கம்பி நுழைவது கஷ்டம்.