மேம்பாலம் வந்தால் ஃபோன் மேப் ஏன் குழம்புகிறது?

தெரியாத ஊரில்கூட வாசல் வரை கொண்டுபோய் விடுகிற மேப், மேம்பாலமும் உயரமான கட்டடங்களும் வந்தால் மட்டும் ஏன் தடுமாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த சிக்னல் வந்துசேர ஆன நேரத்தை வைத்துத்தான் ஃபோன் தூரத்தைக் கணக்கிடுகிறது. இப்படி நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் வேண்டும். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரக் கணக்கு 300 மீட்டர் தப்பிவிடும். இவ்வளவு நுணுக்கமான வேலையைச் சட்டைப்பைக்குள் இருக்கும் ஒரு கருவி செய்வது எனக்கு இன்னமும் வியப்புதான்.

சரி, கட்டடங்களுக்கு நடுவே என்ன ஆகிறது? சிக்னல் சுவரில் மோதிச் சுற்றி வருகிறது. அந்தக் கூடுதல் தூரமும் கணக்கில் சேர, நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடுகிறது.

மேம்பாலத்தில் சிக்கல் வேறு. மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கோடு. உயரத்தை ஜிபிஎஸ் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

ஒருநாள் இரவு அப்பாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் பாலத்துக்குக் கீழே; மேப்போ மேலே இருப்பதாக நினைத்து, 'நேராகப் போங்கள்' என்றது. திருப்பத்தைத் தவறவிட்டு அரை மணி நேரம் சுற்றினேன். இப்போதெல்லாம் கிளம்பும்போதே கடைசி இரண்டு திருப்பங்களைப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். பாலம் நெருங்கினால் திரையை விட்டுவிட்டுச் சாலைப் பலகையைத்தான் நம்புகிறேன்.