வாசலில் வைத்தே ஃபில்டர் மாற்றலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். சென்ற மாதம் குடும்பத்தோடு வால்பாறைக்குப் போனபோது, ஆழியாறு வரை குறையில்லாமல் ஓடிய வண்டி, மலை ஏறத் தொடங்கியதும் இழுக்காமல் திணறியது. திரும்பி இறங்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கும் என்று பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும். இதை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: தாங்கள் சொல்லும் அறிகுறிக்கு ஃபில்டரைச் சந்தேகிப்பது நியாயமே. சமதளத்தில் மிதமாக ஓடும்போது இன்ஜினுக்குத் தேவைப்படும் பெட்ரோல் குறைவு. பாதி அடைத்த ஃபில்டர்கூட அந்த அளவை விட்டுவிடும். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஆள் நிறைந்த வண்டியை இரண்டாம் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை ஆழ மிதிக்கும்போதுதான் தேவை பல மடங்காகி, குறை வெளியே தெரிகிறது. ஆனால் தளர்ந்துபோன பெட்ரோல் பம்பும் இதே போலத்தான் நடந்துகொள்ளும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் பாரம் ஏறும்போதுதான் மிஸ் அடிக்கும். ஆகவே முதலில் பில்களைத் தேடி, ஃபில்டர் கடைசியாக எப்போது மாறியது என்று பாருங்கள். வண்டியின் கையேட்டில் சொல்லியுள்ள கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் தயங்காமல் மாற்றலாம். அண்மையில்தான் மாற்றியிருக்கிறீர்கள் என்றால், இன்னொரு ஃபில்டருக்குச் செலவு செய்வதற்கு முன் மெக்கானிக்கிடம் பெட்ரோல் பிரஷரை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, தங்கள் வண்டியில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டிலோ உதிரிபாகக் கடையிலோ உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய கார்கள் பலவற்றில் அது டாங்கிக்கும் இன்ஜினுக்கும் இடையே, பெரும்பாலும் வண்டியின் அடிப்பகுதியில், ஒரு சிறு உலோக உருளையாக லைனில் பொருத்தப்பட்டிருக்கும். புதிய கார்கள் பலவற்றில் அது டாங்கிக்குள்ளேயே பம்போடு சேர்ந்திருக்கும். அதை எடுக்கப் பின்சீட்டைத் தூக்கி டாங்கியின் வாயைத் திறக்க வேண்டும், வாடை முழுவதும் காருக்குள் நிறையும். இரண்டாவது வகையை வீட்டில் செய்யும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. முதல் வகை என்றால் கைப்பழக்கம் உள்ளவருக்கு அரை மணி நேர வேலைதான்.

அந்த அரை மணி நேரத்தில் ஃபில்டரைக் கழற்றி மாட்டுவது சிறு பகுதி. பெரும் பகுதி, லைனில் தங்கியிருக்கும் அழுத்தத்தை இறக்குவதிலும் கசிவைச் சோதிப்பதிலும் போக வேண்டும். பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் லைனின் அழுத்தம் ஏறத்தாழ 3 பார். தோட்டக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், நூறடி உயரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் குழாயை அடியில் நின்று பிடுங்குவதற்குச் சமம். வித்தியாசம், இங்கே முகத்தில் அடிப்பது பெட்ரோல். முந்தின இரவே இன்ஜினை நிறுத்திவிட்டேன் என்று எண்ணிக் கை வைக்க வேண்டாம், அழுத்தம் லைனில் தங்கியிருக்கக்கூடும்.

இன்ஜின் ஆறியபின், சமதளமான திறந்த வாசலில் வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். டாங்கியில் கால்வாசிக்குக் குறைவாக பெட்ரோல் இருப்பது நல்லது. பியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்துப் பெட்ரோல் பம்பின் பியூஸை உருவிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், லைனில் மிச்சமிருப்பதைக் குடித்துச் சில விநாடிகளில் அது தானாக நின்றுவிடும். மறுபடி ஒருமுறை மூன்று விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டாங்கி மூடியையும் ஒருமுறை திறந்து மூடினால் உள்ளே அடைந்த ஆவி வெளியேறிவிடும். அடியில் படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளமான பக்கம் சென்று தேங்கும். எனவே பக்கத்து அறையில் எரியும் விறகடுப்பும், வாசலில் வைத்த ஊதுபத்தியும், காற்றுக்காகத் தரையில் வைத்த டேபிள் ஃபேனும் ஆபத்துதான். ஒரு வாளி மணலும், இருந்தால் உலர்பொடித் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தங்கள் ஊரில் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும்போது ஆவி நிற்காது என்பது ஒரு வசதி. அதே காற்று வாசல் மண்ணை வாரித் திறந்த பைப்பின் வாயில் போடும் என்பதால், கழற்றிய உடனே இரு முனைகளையும் சுத்தமான மூடியால் அடைத்துவிடுங்கள்.

கழற்றும்போது கண்ணாடி அணிந்து, இணைப்பைச் சுற்றித் துணியைச் சுருட்டிப் பிடித்து, மெல்லத் தளர்த்துங்கள்; எப்படியும் கொஞ்சம் பெட்ரோல் வடியும். பிளாஸ்டிக் கிளிப் இணைப்பாக இருந்தால், இழுப்பதற்கு முன் பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்துவிட்டு, பைப்பை ஃபில்டரின் பக்கம் சற்று உள்ளே தள்ளி, கிளிப்பின் காதுகளை அழுத்தி, பிறகு வெளியே உருவ வேண்டும். மண்ணோடு வைத்து முறுக்கினால் கிளிப் உடையும், அது தனியாகக் கிடைப்பதும் அரிது. புதிய ஃபில்டரின் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். வாஷர், ஓ-ரிங் எதையும் பழையதைப் போட வேண்டாம். ரப்பர் ஓஸ் வெடிப்பு விட்டிருந்தால், பம்புசெட்டுக்கு வாங்கி மீந்த துண்டை அளந்து வெட்டி மாட்டும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே உதவாது. இன்ஜெக்‌ஷன் லைனின் அழுத்தத்துக்கென்றே விற்கும் ஓஸ்தான் தாங்கும். கிளிப் இணைப்பு ‘டக்’கென்று உட்கார்ந்த பிறகும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

பியூஸையும் பேட்டரியையும் இணைத்தபின் உடனே ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ‘ஆன்’ நிலையில் இரண்டு மூன்று விநாடி வைத்து அணைப்பதை மூன்று முறை செய்யுங்கள். பம்ப் ஓடி லைன் நிரம்பும். அப்போது எல்.இ.டி. டார்ச்சில் இணைப்புகளைப் பார்த்து, ஒரு டிஷ்யூ தாளை ஒற்றி எடுங்கள். தாள் சிறிதும் நனையாமல் இருந்தால்தான் இன்ஜினை ஓட்ட வேண்டும். ஐந்து நிமிடம் ஓடியபின் இன்னொரு முறை ஒற்றிப் பார்க்க வேண்டும்.

பழைய ஃபில்டரை உடனே வீசிவிடாதீர்கள். பெட்ரோல் உள்ளே வரும் வாய் கீழே இருக்குமாறு பிடித்து, அதில் மிஞ்சியதை ஒரு வெள்ளைத் துணியின் மேல் கொட்டிப் பாருங்கள். செம்மண் நிறத்தில் துகள் விழுந்தால் டாங்கி துருப்பிடிக்கிறது என்று பொருள்; புதிய ஃபில்டரும் விரைவில் அதே கதிக்கு வரும் என்பதால் டாங்கியைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலையைத் தள்ளிப்போட முடியாது. நனைந்த துணியை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துச் சாளையில் டிராக்டருக்காக டீசலை கேனில் வாங்கி வைப்பது வழக்கம். அவசரத்துக்கு அதையே டீசல் காருக்கும் ஊற்றுவேன். இப்போது காரின் டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு அடிக்கடி எரிகிறது. ஃபில்டரை மாற்றினால் போதுமா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்த விளக்கு பெரும்பாலான டீசல் கார்களில் ஃபில்டர் அடைத்ததற்காக எரிவதில்லை, ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்பதற்காக எரிவது. அரைகுறையாக நிரம்பிய கேனில், பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் இடையே உள்ளிருக்கும் காற்றின் ஈரம் வியர்த்து உள்சுவரில் படிந்து அடியில் இறங்கும். ஐப்பசி மழையில் மூடி சரியாக இறுகாத கேன் என்றால் கேட்கவே வேண்டாம். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அது அடியிலேயே நிற்கும். தாங்கள் கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றும்போது, அந்தத் தண்ணீர் முழுவதும் காருக்குள் போய்விடுகிறது.

இதைத் தாங்களே பார்க்கலாம். இன்ஜினை நிறுத்தியபின், ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைச் சற்றுத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். கால் மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கீழே தண்ணீர் தனியாகவும் மேலே டீசல் தனியாகவும் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். தண்ணீர் நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டுவிட்டுத் திருகை இறுக்கினால், விளக்கு அணைய வேண்டும். சில நாளில் மறுபடி எரிந்தால் டாங்கியிலேயே தண்ணீர் இருக்கிறது. அப்போது ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

டிராக்டர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறதே என்று கேட்பீர்கள். பழைய டிராக்டரின் பம்புக்கும் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன்ரெயில் காரின் பம்புக்கும் நெடுந்தூரம். காரில் டீசல் 1,600 பாரும் அதற்கு மேலும் அழுத்தப்படுகிறது. இன்ஜெக்டருக்குள் உரசும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அங்கே மசகாக இருப்பதும் டீசலே, தனி ஆயில் கிடையாது. தண்ணீர் புகுந்த இடத்தில் மசகு போய் உலோகம் உலோகத்தோடு தேயும். ஃபில்டரின் விலையையும் நான்கு இன்ஜெக்டரின் விலையையும் கடையில் ஒருமுறை கேட்டுப் பார்த்தால், காருக்கு நேராக பங்க்கிலேயே நிரப்புவது எவ்வளவு மலிவு என்பது விளங்கும். டிராக்டருக்குங்கூட, கேனை ஒருநாள் அசையாமல் வைத்து, மேலாக எடுத்து ஊற்றி, அடியில் நான்கு விரல் அளவு விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: ஃபில்டரைக் கழற்றி, பஞ்சர் கடையில் காற்றடித்துச் சுத்தம் செய்து மறுபடி போடலாமா?
— வாசகர், காங்கேயம்

பதில்: கூடாது. ஃபில்டருக்குள் மடித்து வைத்த தாள் காற்றின் வேகத்தில் கிழியும், கிழிந்தது வெளியே தெரியாது. பெட்ரோல் ஃபில்டர் என்றால், காற்றடிப்பவர் ஆவியைத் தெருவெங்கும் தெளிக்கிறார் என்பதும் சேரும்.

கேள்வி: எங்கள் டீசல் வண்டிக்கு நானே ஃபில்டர் மாற்றினேன். ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. கீழே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பேட்டரியும் இறங்கிக்கொண்டே போகிறது. ஏனுங்க இப்படி?
— வாசகர், திருச்செங்கோடு

பதில்: டீசல் லைனில் காற்று பிடித்திருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் ஊரில் இருந்துகொண்டு, அந்தக் காற்றை வெளியேற்ற, அதாவது ‘ஏர் எடுக்க’, யாரும் சொல்லித் தரவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. ஃபில்டருக்கு அருகில் கையால் அழுத்தும் பம்ப் இருந்தால், அது கல்லைப்போல் இறுகும்வரை அழுத்துங்கள். மின்பம்ப் உள்ள வண்டி என்றால் சாவியை ‘ஆன்’ செய்து சில விநாடி வைத்து அணைப்பதைப் பல முறை செய்யுங்கள். செல்ஃபை ஒரேயடியாகப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையே அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். எக்காரணம் கொண்டும், இன்ஜின் சுழலும்போது இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்காதீர்கள். பழைய வண்டிகளில் பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். காமன்ரெயிலில் அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும் என்றாலும், அது உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய காயம்.

இத்தனைக்குப் பிறகும் நின்றால், கசியவில்லை என்பதை வைத்து ஏமாற வேண்டாம். டாங்கியிலிருந்து டீசலைப் பம்ப் உறிஞ்சி எடுக்கும் வண்டிகளில் ஃபில்டர் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நானே ஒருமுறை பழைய ஜீப்புக்கு ஃபில்டர் மாற்றிவிட்டு, காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இரண்டு நாள் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஃபில்டரைத் திரும்பக் கழற்றியபோது, பழைய ரப்பர் வளையம் மேல்முகத்திலேயே கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் புதியதையும் வைத்து இறுக்கியிருக்கிறேன். தாங்களும் முதலில் அங்கே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கேள்வி: இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கிறது என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், திருப்பூர்

பதில்: பழைய வண்டிகளில் முதல் சில டாங்கிகளுக்கு அப்படி நடக்கக்கூடும். டாங்கியின் சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த பிசினை எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும், அது ஃபில்டரில் வந்து சேரும். எத்தனாலைப் பழி சொல்வதைவிட, அந்த அழுக்கு இன்ஜெக்டருக்குப் போகாமல் ஃபில்டரில் நின்றதே என்று ஆறுதல் கொள்ளலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும் என்பதால், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் காரை அரை டாங்கியோடு விடாதீர்கள். பழைய கார்களின் ரப்பர் ஓஸ்கள் இருபது சதவீதக் கலவைக்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஃபில்டர் மாற்றும்போது ஓஸை விரலால் வளைத்து, வெடிப்போ கொழகொழப்போ தெரிந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் உள்ள பழைய பைக்கில் கண்ணாடிபோல் தெரியும் சிறு ஃபில்டரை நான் மாற்றலாமா?
— கல்லூரி மாணவர், பெருந்துறை

பதில்: தாராளமாக. அங்கே பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது. இன்ஜின் ஆறியபின் டாங்கியின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’ திருகை மூடிவிட்டு, அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள். சிகரெட் பிடிக்கும் நண்பர் யாரும் அப்போது பக்கத்தில் நிற்க வேண்டாம்.