பதினோரு ஆண்டுகள் ஓட்டியவருக்கு மீண்டும் தேர்வா?

கேள்வி: வேலை நிமித்தம் வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு குடிவந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. சொந்த நாட்டில் பதினோரு ஆண்டுகள் ஒரு விபத்தும் இல்லாமல் கார் ஓட்டியிருக்கிறேன். புறப்படும்போது வாங்கி வந்த பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தை வைத்துத்தான் இப்போது ஓட்டுகிறேன். அது காலாவதியானதும் ஊரிலுள்ள தம்பியிடம் சொல்லிப் புதியது வாங்கிக்கொண்டால் போதும், உள்ளூர் லைசென்ஸ் தேவையில்லை என்கிறார் அலுவலக நண்பர். என் மனைவியோ இப்போதே விண்ணப்பிக்கச் சொல்கிறார். எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு என்று கற்றுக்குட்டிபோல் மறுபடியும் போய் நிற்பது எனக்கு அவமானமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த யோசனையை நம்பிக் காரை எடுத்தால், உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியவர் என்ற குற்றச்சாட்டோடு ஒருநாள் நீங்கள் நிற்க நேரிடும்.

உங்களிடம் இருக்கும் புத்தகம் தனியான உரிமம் அன்று. சொந்த நாட்டு உரிமத்தில் எழுதியிருப்பதைப் பிற மொழிகளில் எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்புதான் அது. மூல உரிமம் கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்படும் புத்தகம் ஓராண்டு செல்லும். 1968-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது அதிகபட்சம் மூன்றாண்டுகள் வரை செல்லும். எல்லா நாடுகளும் இரண்டையும் ஏற்பதில்லை. ஜப்பான் 1949-ஆம் ஆண்டு வகையை மட்டுமே ஏற்கிறது. சீனப் பெருநிலப் பகுதியில் இரண்டுமே செல்லாது. உங்களுக்கு இதைவிட முக்கியமானது வியன்னா உடன்படிக்கையின் 41-ஆவது பிரிவு. வழக்கமாக வசிக்கும் இடத்தைத் தங்கள் நாட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தவர்களின் வெளிநாட்டு உரிமத்தையோ பன்னாட்டு அனுமதியையோ உறுப்பு நாடுகள் ஏற்றாக வேண்டிய கட்டாயமில்லை என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. சுற்றிப் பார்க்க வந்து திரும்பிப் போகிறவருக்காக ஏற்பட்ட வசதி அது. வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, வரி கட்டத் தொடங்கியவருக்கானது அன்று. தம்பி ஆண்டுதோறும் புதுப் புத்தகம் வாங்கி அனுப்பினாலும் நீங்கள் குடிவந்த தேதி மாறப்போவதில்லை; அதிகாரிகள் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தில் இருந்த 'ஐந்து மாதங்கள்' என்ற சொல் என்னைக் கவலைப்பட வைத்தது. பிரிட்டனில் குடிவந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை பழைய உரிமத்தை வைத்து ஓட்டலாம். அங்கே இருந்தால் உங்களுக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற உரிமம் பொதுவாக ஆறு மாதங்களுக்குத்தான் செல்லும். அங்கே இருந்தால் ஒரே ஒரு மாதம்தான் மிச்சம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புதிதாகக் குடிவந்தவருக்கு 60 நாட்கள், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வசிப்பவர் ஆகிவிட்டால் 10 நாட்கள். இவ்விரண்டில் ஒன்றானால் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, சாவியை இன்றே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இடையில் ஒருமுறை வெளிநாடு போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். அந்தக் குறுக்குவழியை அடைப்பதற்காகவே, வசிப்பவராகப் பதிவு செய்துகொண்டவர் மூன்று மாதங்களுக்குள் போய்வந்தால் அது புதிய வருகையாகாது என்று ஜப்பான் விதி வைத்திருக்கிறது.

காவலர் வண்டியை நிறுத்தி அபராதம் போடுவதோடு விஷயம் முடிந்துவிடும் என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். காப்பீட்டை நினைத்துப் பாருங்கள். செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் ஓட்டுகிறார் என்ற அடிப்படையில்தான் அந்த ஒப்பந்தமே எழுதப்படுகிறது. உரிமம் செல்லாது என்றாகிவிட்டால், நிறுவனம் இழப்பீடு தர மறுக்கவும் எதிர்த்தரப்புக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திரும்பக் கேட்கவும் இடமுண்டு. அடிபட்டவர் மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால், அந்தத் தொகை ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பையும் விழுங்கிவிடும்.

தேர்வு எழுதியே ஆக வேண்டுமா என்பது உங்கள் உரிமம் எந்த நாட்டில் வாங்கியது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான நாடுகள் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் இடம்பெற்ற நாடுகளின் உரிமத்தைக் கொடுத்து, தேர்வு இல்லாமலோ குறைந்த தேர்வோடோ மாற்றிக்கொள்ளலாம். பட்டியலில் இல்லையென்றால் தேர்வுதான். எப்படியானாலும், ஓட்டி அனுபவம் உள்ளவருக்குக் கட்டாயப் பயிற்சி மணிநேரங்களையோ காத்திருப்புக் காலத்தையோ குறைக்கும் சலுகை பல இடங்களில் உண்டு என்பதால், உங்கள் பதினோரு ஆண்டுகளுக்கு எழுத்துச் சான்று தேடி வைப்பது நல்லது. புதுப்பித்த அட்டையில் கடைசியாகப் புதுப்பித்த தேதி மட்டும் இருந்தால், அலுவலகக் கணக்கில் நீங்கள் சென்ற ஆண்டுதான் ஓட்டக் கற்றவர். முதன்முதலில் உரிமம் பெற்ற தேதியைக் காட்டும் சான்றிதழை, உரிமம் வழங்கிய அலுவலகத்திலிருந்து தம்பியை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். புதுப் புத்தகத்துக்காக அவர் அலைவதைவிட அது பயனுள்ள அலைச்சல். கடவுச்சீட்டில் விரிந்திருக்கும் பெயர் உரிமத்தில் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கிறதா என்பதையும் இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஓர் எழுத்துக்காக வாரக்கணக்கில் விண்ணப்பம் தேங்கிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஜெர்மனி போன்ற நாடுகளில் புதிய உரிமம் கைக்கு வரும்போது பழையதை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால், அதற்கு முன்பே இருபுறமும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த அவமானத்தைப் பற்றிப் பேசலாம். உங்கள் கடிதத்தில் என் மனத்தைத் தொட்ட இடம் அதுதான். ஏனென்றால் நானும் ஒன்பது ஆண்டுகள் ஓட்டிய கர்வத்தோடு வேறொரு நாட்டில் தேர்வுக்குப் போனவன். புறப்பட்ட இருபது நிமிடத்துக்குள் தோற்றேன். தடம் மாறுவதற்கு இண்டிகேட்டர் போட்டேன், பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், காலியாக இருந்தது, திருப்பினேன். அடுத்த கணம் பயிற்சியாளர் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். என் தோளுக்குப் பின்னால், கண்ணாடியில் விழாத அந்தச் சிறிய இடத்தில், ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பிள்ளையைப் பின்இருக்கையில் உட்காரவைத்திருந்தார். தலையை ஒருமுறை திருப்பித் தோளுக்கு மேல் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்பது ஆண்டுகளில் நான் அப்படித் திரும்பிப் பார்த்ததே இல்லை என்பதும், அதுவரை விபத்து நேராததற்கு என் திறமை காரணமில்லை என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் குழந்தையின் சிவப்புத் தலைக்கவசம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அனுபவசாலிகள் தோற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். நிறுத்தக் குறியீட்டில் வேகத்தை நன்றாகக் குறைப்பார்கள். ஆனால் சக்கரம் முழுமையாக நின்றிருக்காது. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை என்ற ஜெர்மானிய விதியைப் படித்திருப்பார்கள். ஆனால் பெரிய சாலையில் போகிறவர் நான்தானே என்ற பழைய உணர்வில் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகமாட்டார்கள். பிரிட்டனின் ஓட்டும் தேர்வில் 15 சிறு தவறுகள் வரை பொறுத்துக்கொள்வார்கள், ஆனால் கடுமையான தவறு ஒன்றே ஒன்று நேர்ந்தாலும் தோல்விதான். இத்தகைய பழக்கங்கள் பெரும்பாலும் அந்த ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஆகவே முழுப் பயிற்சித் தொகுப்புக்குப் பணம் கட்டாவிட்டாலும், இரண்டு மூன்று வகுப்புகளாவது உள்ளூர்ப் பயிற்சியாளரோடு, தேர்வு நடக்கும் தெருக்களிலேயே ஓட்டிப் பாருங்கள். 'எனக்கு ஓட்டத் தெரியும், என் கெட்ட பழக்கங்களைச் சொல்லுங்கள்' என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும்போது கோபம் வரும், வரட்டும்.

எழுத்துத் தேர்வுக்கு அனுபவம் கைகொடுக்காது, படிப்புதான் வேண்டும். பிரிட்டனில் 50 கேள்விகளுக்கு 43 சரியாக இருக்க வேண்டும். ஜப்பானில் வெளிநாட்டு உரிமத்தை மாற்றுகிறவருக்கு முன்பு 10 கேள்விகளே இருந்தன, 2025 அக்டோபரிலிருந்து அது 50 ஆகிவிட்டது. நண்பர்கள் தங்கள் காலத்துத் தேர்வை நினைத்து 'சுலபம்' என்றால், அவர்கள் எந்த ஆண்டில் எழுதினார்கள் என்று கேளுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதினால் கியர் வண்டி ஓட்ட அனுமதி கிடைக்காத நாடுகள் பல. எந்த வண்டியில் எழுதப் போகிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

இந்த வாரமே உரிமம் வழங்கும் துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைத் திறந்து, குடிவந்தவருக்கு எத்தனை மாதக் கெடு என்பதையும் உங்கள் உரிமம் வழங்கிய நாடு பட்டியலில் இருக்கிறதா என்பதையும் மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகலாம் என்பதால் விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டு, பிறகு படிக்கத் தொடங்குங்கள். கெடு முடிந்து உரிமம் வரும்வரை உள்ள இடைவெளியில் பேருந்தும் ரயிலும் போதும்.