எம்.எல்.ஏ. ஆவதும் நீடிப்பதும்: வாசகர் கேள்வி – பதில்

சட்டமன்ற உறுப்பினர் பதவி பற்றி வந்த கேள்விகளில் ஏழு இங்கே. பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர்ப் பெயர் மட்டும் தந்திருக்கிறோம்.

கே: என் ஓட்டு ஒட்டன்சத்திரத்தில். பழநியில் சுயேச்சையாக நிற்கலாம் என்று இருக்கிறேன். முடியுமா? மனு தள்ளுபடி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? – வாசகர், ஒட்டன்சத்திரம்

தாராளமாக நிற்கலாம். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும். பரிசீலனை நாளன்று 25 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் வேறு தொகுதி வாக்காளர் என்பதால், உங்கள் பெயர் உள்ள பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகலை மனுவோடு கொடுக்க வேண்டும். அப்போது முடியாவிட்டால் பரிசீலனையிலாவது காட்ட வேண்டும். வாக்காளர் அடையாள அட்டையின் ஜெராக்ஸை நீட்டினால் எடுபடாது. பலரும் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் பழநித் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் அண்மைப் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். பழைய பூத் சிலிப்பைப் பார்த்து எழுதாதீர்கள். கைநாட்டு வைப்பவர் இருந்தால் அவரைத் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்பே அழைத்துப் போய் வைக்கச் சொல்லுங்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானதற்குக் காரணம், முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தே அல்ல என்று சொன்னதுதான். பத்தில் ஒன்று கழன்றாலும் மனு நிற்காது. ஒருவர் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம் என்பதால், வேறு வேறு பத்துப் பேரை வைத்து இரண்டு செட் போடுவதே பாதுகாப்பு.

படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடக் கூடாது. வழக்கு இல்லையா, ‘இல்லை’ என்று எழுதுங்கள். கடன் இல்லையா, ‘இல்லை’ என்று எழுதுங்கள். கோடு கிழித்து விடுவதும் ஆபத்துதான். அலுவலர் சுட்டிக்காட்டிய பிறகும் வெற்றிடத்தை நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மனைவி அல்லது கணவர், உங்களைச் சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்து, கடன் விவரங்களும் அதிலேயே வர வேண்டும்.

டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கு 5,000; பொதுத் தொகுதியில் நின்றாலும் இந்தச் சலுகை உண்டு, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ரொக்கமாகவோ கருவூலச் சலான் வழியாகவோதான் கட்ட முடியும். செக் வாங்க மாட்டார்கள். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுவுக்கு ஒரு நாள் முன்பாவது தொடங்கிவிடுங்கள். கடைசியாக உறுதிமொழி. மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே அதை எடுத்தாக வேண்டும். பரிசீலனை அன்று காலையில் போய் எடுத்துக்கொள்கிறேன் என்றால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

கே: ஒருவர் எத்தனை தொகுதியில் நிற்கலாம்? – வாசகி, புதுக்கோட்டை

இரண்டு. 2001-இல் ஜெயலலிதா ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, உங்கள் புதுக்கோட்டை என நான்கில் மனு கொடுத்தார். டான்சி வழக்கின் தண்டனை காரணமாகவும் இரண்டுக்கு மேல் மனு கொடுத்த காரணத்தாலும் நான்குமே தள்ளுபடியாயின. இரண்டில் நின்று இரண்டிலும் வென்றால் 14 நாளுக்குள் ஒன்றை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் இரண்டும் போய்விடும்.

கே: டெபாசிட் திரும்பக் கிடைக்கும் கணக்கு என்ன? நோட்டாவும் சேருமா? – வாசகர், அரக்கோணம்

சேராது. செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். தொகுதியில் செல்லத்தக்க ஓட்டு 1,80,000 என்றால் ஆறில் ஒன்று 30,000. சரியாக 30,000 வாங்கினால் டெபாசிட் போயிற்று. 30,001 வாங்கினால் திரும்பும்.

10,000 ரூபாயைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. தோற்றவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. வென்றாலும் தோற்றாலும், முடிவு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காத வேட்பாளரை மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் என்று ஆணையம் அறிவிக்கலாம். தோற்ற அலுப்பில் பில்களை மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் போட்டவர்கள், அடுத்த உள்ளாட்சித் தேர்தலோ இடைத்தேர்தலோ வரும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிக்கு 2022 முதல் வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். ஒரே ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. மைக்செட்காரருக்கு நாள்தோறும் 3,000 கொடுத்தால் நான்காம் நாளே வரம்பு தாண்டிவிடும்; முதல் நாளிலிருந்தே செக் அல்லது வங்கிப் பரிமாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவுப் பார்வையாளர் தரப்பில் உங்களுக்கென்று ஒரு நிழல் பதிவேடு எழுதுவார்கள். உங்கள் நோட்டில் 20 நாற்காலி, அவர்கள் வீடியோவில் 200 நாற்காலி என்றால் நோட்டீஸ் வரும்.

கே: மிகக் குறைந்த ஓட்டில் தோற்றவர் வழக்குப் போட்டால் பயன் உண்டா? – வாசகர், வள்ளியூர்

உங்கள் ராதாபுரமே இதற்குச் சரியான உதாரணம். 2016-இல் அங்கே இன்பதுரையிடம் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். ஆசிரியர்கள் போட்ட தபால் ஓட்டுகளில் 203 ஓட்டுகள், சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லி ஒதுக்கப்பட்டிருந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்தது 2019 அக்டோபரில். எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே 2021-இல் முடிந்தது.

ஆறு மாதத்துக்குள் தேர்தல் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. முடிவதில்லை. ஐந்தாண்டுப் பதவி பற்றிய வழக்கு ஐந்தாண்டைத் தாண்டி இழுப்பது வாக்காளருக்குச் செய்யப்படும் அநீதி என்பதே எங்கள் உறுதியான கருத்து.

வழக்குப் போடுபவர் கவனிக்க வேண்டியவை: முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள், ஒரு நாள் தாமதமும் மன்னிக்கப்படாது. 2,000 ரூபாய் காப்புத்தொகை மனுவோடு கட்ட வேண்டும். எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல், ‘உண்மை நகல்’ என்று மனுதாரரே கையெழுத்திட்டுத் தர வேண்டும். காப்புத்தொகை கட்டாத மனு விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியாகும். எண்ணும் மேசையிலேயே வேலை தொடங்குகிறது: ஒதுக்கப்பட்ட தபால் ஓட்டு எத்தனை, எந்தக் காரணம் என்று உங்கள் முகவர் அங்கேயே குறித்துக்கொண்டு, மறு எண்ணிக்கையை முடிவு அறிவிக்கும் முன் எழுத்தில் கேட்டிருந்தால்தான் பின்னால் நீதிமன்றத்தில் கால் ஊன்ற முடியும்.

கே: மூன்று முறை மனு கொடுத்தும் எங்கள் தெருவுக்கு எம்.எல்.ஏ. சாலை போட்டுத் தரவில்லை. அவருக்கு உண்மையில் என்னதான் அதிகாரம்? – வாசகி, மணப்பாறை

உங்கள் கோபம் நியாயம். ஆனால் சாலை போட உத்தரவிடும் அதிகாரம் எம்.எல்.ஏ.வுக்குக் கிடையாது. அவர் நிர்வாகி அல்லர். கையெழுத்துப் போட்டுப் பணம் விடுவிக்கும் அதிகாரம் அதிகாரியிடமும் அமைச்சரிடமும் இருக்கிறது. எம்.எல்.ஏ.வின் கையில் இருப்பவை பரிந்துரை, கேள்வி, ஓட்டு.

பரிந்துரையில் முதன்மையானது தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். இந்தப் பணம் அவர் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருகிறார். ஊராட்சி ஒன்றியமோ நகராட்சியோ துறையோ டெண்டர் விட்டுச் செய்கிறது. வழிபாட்டுத் தலத்துக்கும் தனியார் நிலத்துக்கும் தனிநபர் பலனுக்கும் இதைச் செலவிட முடியாது. பரிந்துரை செய்த பணி சிக்குவது பெரும்பாலும் நிலத்தில்தான். தெரு என்று ஊரே சொல்லும் இடம், பதிவேட்டில் யாரோ ஒருவரின் பட்டாவாக இருக்கும். பேருந்து நிழற்குடை கேட்பார்கள், இடம் நெடுஞ்சாலைத் துறையுடையது, தடையில்லாச் சான்று வராது. ஆழ்துளைக் கிணறு போட்டுவிடுவார்கள், மின் இணைப்புக்கு யார் பணம் கட்டுவது என்பதில் ஒரு வருடம் ஓடும்.

அதனால் நான்காவது மனுவை இப்படிக் கொடுங்கள். தெருவின் புல எண். அது யார் பெயரில் இருக்கிறது. நீளம் எத்தனை மீட்டர், அகலம் எத்தனை மீட்டர். கடைசியாக எப்போது போடப்பட்டது. ஊராட்சி என்றால் கிராம சபைத் தீர்மானத்தின் நகல். ‘ஆவன செய்யுங்கள்’ என்ற மனு உதவியாளரின் கோப்பிலேயே தூங்கும். ‘புல எண் இன்னது, 140 மீட்டர், ஊராட்சிச் சாலை, தீர்மான நகல் இணைப்பு’ என்ற மனு பொறியாளர் மேசைக்குப் போகும். ஒப்புதல் பெற்றுக்கொள்ள மறக்காதீர்கள்.

அடுத்தது கேள்வி. தொகுதியில் இவர் ஏதாவது செய்தாரா என்று பார்க்க விரும்பினால், திறப்பு விழாப் படங்களைவிடச் சட்டமன்றக் குறிப்புகளைப் பாருங்கள் என்றே சொல்வோம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். மானியக் கோரிக்கை (துறைக்கான நிதி ஒதுக்கீடு) விவாதத்தில், அந்த நிதியைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுத்துத் தொகுதிப் பிரச்சினையைப் பதிவு செய்யலாம். அமைச்சர் ‘பரிசீலிக்கப்படும்’ என்றால் அதோடு முடிந்தது. ‘இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டால், அதைச் சட்டமன்றத்தின் உறுதிமொழிக் குழு பின்தொடரும். கெட்டிக்கார உறுப்பினரின் துணைக் கேள்வி முழுவதும் அந்த இரண்டாவது வாக்கியத்தை வரவழைப்பதிலேயே குறியாக இருக்கும். எதிர்க்கட்சி உறுப்பினரும் இதைச் செய்ய முடியும், செய்திருக்கிறார்கள். கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையாக வருகிறது, உங்கள் உறுப்பினர் எழுந்தாரா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

2022-இல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் பத்து முக்கியக் கோரிக்கைகள் கேட்டு வாங்கினார்கள். உங்கள் தொகுதியின் பட்டியலில் எவை இருந்தன, எத்தனை நிறைவேறின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கே: கட்சி மாறினால் பதவி போகும் என்கிறார்கள். சிலருக்குப் போகிறது, சிலருக்குப் போவதில்லையே? – வாசகர், பெரம்பூர்

அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணைப்படி, கட்சி சார்பில் வென்றவருக்கு இரண்டு வழிகளில் பதவி போகும். ஒன்று, கட்சி உறுப்பினர் பதவியைத் தானாக விட்டுக்கொடுப்பது. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் என்றில்லை, நடத்தையே போதும். மற்றொன்று, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது அல்லது போடாமல் இருப்பது. இதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் பதவி தப்பும். சுயேச்சையாக வென்றவர் பின்னர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் போய்விடும். மூன்றில் ஒரு பங்கினர் பிளந்தால் தப்பலாம் என்ற பழைய விலக்கு 2003-இல் நீக்கப்பட்டது.

இதை முடிவு செய்பவர் பேரவைத் தலைவர். உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆளும் அதிமுகவின் பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 எம்.எல்.ஏ.க்கள் அரசுக்கு எதிராக ஓட்டளித்தார்கள். அவர்கள் மீது முடிவே எடுக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் முதலமைச்சருக்கு ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதே கட்சியின் 18 பேர், செப்டம்பர் 18-ஆம் தேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் வேறுபட்டு, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25-இல் நீக்கத்தை உறுதி செய்தார். இடைத்தேர்தல் முடிவு வந்தது 2019 மே 23-இல். உங்கள் பெரம்பூரும் அந்தப் பதினெட்டில் ஒன்று. இருபது மாதம் உங்களுக்காகச் சட்டமன்றத்தில் பேச ஆள் இல்லை. முடிவெடுக்கும் காலக்கெடுவைச் சட்டமே சொல்லாததால் வரும் விளைவு இது. அதைத் திருத்த வேண்டும்.

நேர்வழி, முதலில் பதவியை விடுவது. விளவங்கோடு விஜயதரணி 2024 பிப்ரவரியில் காங்கிரஸிலிருந்து பாஜகவுக்குப் போனபோது எம்.எல்.ஏ. பதவியையும் விட்டார்; ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. ராஜினாமாவைப் பேரவைத் தலைவருக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். கட்சித் தலைமையிடம் கொடுத்த கடிதத்தால் பதவி காலியாகாது.

கே: தண்டனை வந்த எம்.எல்.ஏ. மேல்முறையீடு செய்தால் பதவி தப்புமா? – வாசகி, திருக்கோவிலூர்

மேல்முறையீடு செய்தால் மட்டும் தப்பாது. மூன்று மாத அவகாசம் தந்த பிரிவை 2013 ஜூலை 10-இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. பொதுவாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நாளிலேயே தகுதி போகும். விடுதலையான பின்னும் ஆறு ஆண்டு நிற்க முடியாது. ஊழல் தடுப்புச் சட்டத் தண்டனைக்கு அந்த இரண்டாண்டு அளவுகூடத் தேவையில்லை, அபராதம் மட்டும் விதித்தாலும் ஆறு ஆண்டு.

‘தண்டனை நிறுத்திவைப்பு’ என்று செய்தி வந்தால் அது சிறைக்குப் போகாமல் இருக்க மட்டுமே உதவும். குற்றவாளி என்ற தீர்ப்புக்கே தடை வாங்கினால்தான் பதவி திரும்பும். உங்கள் ஊரில் நடந்தது இதுதான். 2023 டிசம்பரில், அப்போது அமைச்சராக இருந்த உங்கள் எம்.எல்.ஏ. பொன்முடிக்கு உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு தண்டனை விதித்தது. தொகுதி காலி என்றும் அறிவித்தார்கள். 2024 மார்ச் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்கே தடை கொடுத்ததும் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 22-ஆம் தேதி மீண்டும் அமைச்சராகப் பதவியேற்றார். 2019 ஜனவரியில் மூன்று ஆண்டு தண்டனை பெற்ற ஓசூர் பாலகிருஷ்ண ரெட்டிக்கு அந்தத் தடை கிடைக்கவில்லை. அமைச்சர் பதவியும் போனது, தொகுதியில் அதே ஆண்டு இடைத்தேர்தலும் நடந்தது.